பைத்தான் பொதி மேலாண்மையும் மெய்நிகர் சூழல்களும்

பைத்தான் பொதி மேலாண்மை என்பது பைத்தான் நிரலாக்க மொழியில் பிறர் எழுதி வெளியிட்ட நிரலகங்களைத் தேடிப் பெறுதல், நிறுவுதல், புதுப்பித்தல், நீக்குதல் ஆகிய பணிகளைக் குறிக்கும். இப்பணிகளைச் செய்யும் மென்பொருள் பொதி நிறுவி எனப்படுகின்றது. பைத்தானுக்குப் பரவலாகப் பயன்படும் பொதி நிறுவி பிப் ஆகும். மெய்நிகர் சூழல் என்பது ஒரு செயல்திட்டத்துக்குத் தேவையான பொதிகளை மட்டும் தனி அடைவொன்றில் வைத்து, அதே கணினியில் உள்ள பிற செயல்திட்டங்களிலிருந்து பிரித்துப் பயன்படுத்தும் ஏற்பாடு ஆகும்.

இவை இரண்டும் வெவ்வேறு கருவிகளாயினும் ஒருசேரக் கற்கத் தக்கவை. எதை நிறுவுவது என்பதைப் பொதி நிறுவி கவனித்துக்கொள்கின்றது. எங்கே நிறுவுவது என்பதை மெய்நிகர் சூழல் வரையறுக்கின்றது. முதலாவதை மட்டும் அறிந்தவரின் நிரல் இன்று, இக்கணினியில் இயங்கும். அடுத்த ஆண்டும், வேறொரு கணினியிலும் அது இயங்க வேண்டுமெனில் இரண்டாவதும் தேவைப்படும்.

இக்கட்டுரையில் கட்டளைகள் தமிழ் ஒலிபெயர்ப்பில் தரப்பட்டுள்ளன. கணினியில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் உள்ளிடுதல் வேண்டும்.

கலைச்சொற்கள்

நிரலகம்: பல நிரல்களில் மீண்டும் மீண்டும் பயன்படுத்தும் பொருட்டு எழுதப்பட்ட செயற்கூறுகளின் தொகுப்பு.

பொதி: ஒரு நிரலகத்தை அதன் பெயர், பதிப்பு எண், தேவைகள் ஆகிய விவரங்களுடன் கட்டி வெளியிடும் வடிவம்.

சார்புநிலை: ஒரு பொதி இயங்குவதற்கு மற்றொரு பொதி தேவைப்படும் நிலை.

களஞ்சியம்: பொதிகள் சேமித்து வைக்கப்பட்டுள்ள வழங்கி. பைத்தானின் பொதுக் களஞ்சியம் பைத்தான் பொதி அட்டவணை ஆகும். சுருக்கமாகப் பைபிஐ எனப்படும்.

வரிமொழிமாற்றி: பைத்தான் நிரலைப் படித்து இயக்கும் மென்பொருள்.

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில்

தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்புக்கான புதிய கணினி அறிவியல் பாடநூல் 2019-20 கல்வியாண்டில் நடைமுறைக்கு வந்தது. பைத்தான் அதில் முதன்மை மொழியாக இடம்பெற்றது. நூலின் இறுதிப் பாடமான 16ஆம் பாடம் மேட்பிளாட்லிப் என்னும் நிரலகத்தைக் கொண்டு கோட்டு வரைபடம், பட்டை வரைபடம், வட்ட வரைபடம் ஆகியவற்றை வரையும் முறையை விளக்குகின்றது. மேட்பிளாட்லிப் பைத்தானுடன் சேர்ந்து வருவதில்லை. ஆகவே அதனைப் பிப் கொண்டு நிறுவும் கட்டளையும் அப்பாடத்தில் தரப்பட்டுள்ளது. மாநிலப் பாடத்திட்டத்தில் பயிலும் மாணவர் பலர் பொதி மேலாண்மையை முதன்முதலில் சந்திக்கும் இடம் இதுவே எனலாம்.

பாடநூல் மாநிலம் முழுவதற்கும் ஒன்று. சென்னையில் பயிலும் மாணவருக்கும், தேனி மாவட்டத்து வருசநாட்டுப் பகுதியில் உள்ள மயிலாடும்பாறையில் பயிலும் மாணவருக்கும் அதே கட்டளைதான். ஆனால் கணினியின் வயது, இயங்குதளம், நிறுவப்பட்டுள்ள பைத்தான் பதிப்பு, இணைய இணைப்பின் வேகம் ஆகியன இடத்துக்கு இடம் வேறுபடும். ஒரே கட்டளை வெவ்வேறு விளைவுகளைத் தருவதற்கு இவ்வேறுபாடுகளே காரணம்.

காலமும் ஒரு காரணம். பதிப்பு எண் குறிப்பிடாமல் பொதி ஒன்றைக் கேட்டால், அன்றைய நாளில் அக்கணினிக்குப் பொருந்தும் மிகப் புதிய பதிப்பைப் பிப் நிறுவும். 2019ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் மேட்பிளாட்லிப்பின் 3.1 வரிசைப் பதிப்பு கிடைத்தது. 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 3.10 வரிசைப் பதிப்பு கிடைத்தது. பதிப்பு எண்கள் பதின்மப் பின்னங்கள் அல்ல என்பது ஈண்டு நோக்கத்தக்கது. 3.10 என்பது 3.1-க்குச் சமமன்று, 3.9-க்கு அடுத்து வரும் பதிப்பு ஆகும்.

தனிமைப்படுத்தலின் தேவை

ஒரு பைத்தான் நிறுவலில் ஒரு பொதியின் ஒரு பதிப்பு மட்டுமே இருக்க இயலும். புதிய பதிப்பை நிறுவினால் பழையது நீக்கப்படும். இதனால் எழும் சிக்கல்களை மூன்றாகப் பகுக்கலாம்.

முதலாவது, செயல்திட்டங்களுக்கிடையேயான முரண். எண்முறைக் கணக்கீட்டுக்கான நம்பை என்னும் பொதியின் 2.0 பதிப்பு 2024 சூன் மாதத்தில் வெளியானது. 1-ஆம் வரிசைக்கென முன்னரே தொகுக்கப்பட்ட பல நீட்சிகள் இப்புதிய பதிப்புடன் இயங்கவில்லை. ஒரு மாணவரின் பழைய செயல்திட்டம் 1-ஆம் வரிசையையும் புதிய செயல்திட்டம் 2-ஆம் வரிசையையும் வேண்டி நின்றால், பொதுவான நிறுவலில் இரண்டையும் ஒருசேர நிறைவு செய்தல் இயலாது.

இரண்டாவது, இயங்குதளத்துக்கு ஏற்படும் கேடு. பல லினக்சு வழங்கல்களில் இயங்குதளத்தின் கருவிகளே பைத்தானில் எழுதப்பட்டுள்ளன. உபுண்டுவில் மென்பொருள் மூலங்களைச் சேர்க்கும் கருவி இதற்கோர் எடுத்துக்காட்டு. நிர்வாகி உரிமையுடன் பிப்பை இயக்கி அக்கருவிகள் நம்பியிருக்கும் பொதியொன்றை மாற்றிவிட்டால், நிரலுக்குத் தொடர்பற்ற பணிகளும் நின்றுபோகக் கூடும். இதனைத் தடுக்கும் பொருட்டு, 2023ஆம் ஆண்டில் வெளியான உபுண்டு 23.04, டெபியன் 12 ஆகியவை முதற்கொண்டு, இயங்குதளத்தின் பைத்தானில் பிப் கொண்டு நேரடியாக நிறுவ முற்பட்டால் பிழைச்செய்தி தரப்படுகின்றது. அத்தடையை மீறுவதற்கான தெரிவின் பெயர் 'அமைப்பின் பொதிகளை உடை' எனப் பொருள்படும். அப்பெயரே ஓர் எச்சரிக்கை.

மூன்றாவது, பகிர்ந்து பயன்படுத்தும் கணினி. பள்ளி ஆய்வகத்தில் ஒரு கணினியைப் பல மாணவர்கள் முறைவைத்துப் பயன்படுத்துவர். ஒருவர் நிறுவிய அல்லது நீக்கிய பொதி அடுத்தவரின் நிரலைப் பாதிக்கும். தம் நிரலில் ஓர் எழுத்தும் மாறாதிருக்க அது ஏன் இயங்கவில்லை என்பதைத் தொடக்கநிலை மாணவர் கண்டறிவது கடினம். பிழை தம்முடையது என்றே அவர் எண்ணக்கூடும்.

வரலாறு

பைத்தான் மொழி கைடோ வான் ரோசம் என்பவரால் உருவாக்கப்பட்டு 1991ஆம் ஆண்டில் முதன்முதலில் வெளியிடப்பட்டது. தொடக்கத்தில் நிரலகங்களைப் பகிர்வதற்குப் பொதுவான முறை இருக்கவில்லை. பெர்ல் மொழிக்கு 1995ஆம் ஆண்டிலேயே சிபேன் என்னும் களஞ்சியம் அமைந்திருந்தது. அது பின்வந்த மொழிகளுக்கு முன்மாதிரி ஆயிற்று.

2000ஆம் ஆண்டில் டிசுட்யுட்டில்சு என்னும் கட்டுமானக் கருவி பைத்தானுடன் சேர்க்கப்பட்டது. 2003ஆம் ஆண்டில் பைத்தான் பொதி அட்டவணை தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டில் வந்த செட்டப்டூல்சு சார்புநிலைகளைத் தானே தேடி நிறுவும் வசதியை அளித்தது.

இயன் பிக்கிங் என்பவர் 2007ஆம் ஆண்டில் வர்ச்சுவல்என்வ் என்னும் கருவியையும், 2008ஆம் ஆண்டில் பிப் கருவியையும் வெளியிட்டார். நிறுவியும் தனிமைப்படுத்தும் கருவியும் ஒருவரின் கையிலிருந்தே ஓராண்டு இடைவெளியில் வெளிவந்தன. மெய்நிகர் சூழல் வசதி வென்வ் என்னும் பெயரில் 2012ஆம் ஆண்டில் வெளியான பைத்தான் 3.3 பதிப்பிலிருந்து மொழியின் பகுதியாயிற்று. 2014ஆம் ஆண்டில் வெளியான 3.4 பதிப்பிலிருந்து பிப் பைத்தானுடன் சேர்ந்தே வழங்கப்படுகின்றது. பழைய டிசுட்யுட்டில்சு 2023ஆம் ஆண்டில் வெளியான 3.12 பதிப்பில் நீக்கப்பட்டது.

பொதி நிறுவி செயற்படும் முறை

பயனர் ஒரு பொதியின் பெயரைக் கொடுத்தவுடன் பிப் களஞ்சியத்தைத் தொடர்புகொண்டு அப்பொதியின் பதிப்புகளைப் பட்டியலிடுகின்றது. ஒவ்வொரு பதிப்பும் தனக்குத் தேவையான பைத்தான் பதிப்பை அறிவித்திருக்கும். பொருந்தாதவை விலக்கப்பட்டு, எஞ்சியவற்றுள் புதியது தேர்ந்தெடுக்கப்படுகின்றது.

இத்தேர்வு பழைய கணினிகளில் தெளிவாகத் தெரியும். விண்டோசு 7 இயங்குதளத்தில் இயங்கும் கடைசிப் பைத்தான் வரிசை 3.8 ஆகும். அவ்வரிசைக்குப் பொருந்தும் கடைசி மேட்பிளாட்லிப் வரிசை 3.7 ஆகும். எனவே விண்டோசு 7 கணினியில் பைத்தான் 3.8 கொண்டு கட்டளையிட்டால் பிழை எதுவும் தோன்றாது. பழைய பதிப்பு நிறுவப்படும். அருகில் உள்ள புதிய கணினியில் அதே கட்டளை வேறு பதிப்பை நிறுவும்.

அடுத்து, தேர்ந்த பதிப்பின் சார்புநிலைகள் ஆராயப்படுகின்றன. மேட்பிளாட்லிப்புக்கு நம்பை, படங்களைக் கையாளும் பில்லோ, எழுத்துருக்களைக் கையாளும் ஃபான்ட்டூல்சு முதலிய பல பொதிகள் தேவை. அவற்றுள் சிலவற்றுக்கு வேறு பொதிகள் தேவை. இவ்வாறு ஒரு பெயரைக் கேட்டவருக்கு ஏறத்தாழப் பத்துப் பொதிகள் வந்து சேர்கின்றன. அனைத்துத் தேவைகளையும் நிறைவு செய்யும் பதிப்புகளின் தொகுதியைக் காண்பது சிக்கலான பணி ஆகும். 2020 நவம்பரில் வெளியான பிப் 20.3 பதிப்பில் இதற்கான கணிமுறை மாற்றியமைக்கப்பட்டது. அதற்கு முன்னர் ஒன்றுக்கொன்று முரணான பதிப்புகள் நிறுவப்படும் வாய்ப்பு மிகுதியாக இருந்தது.

பொதிகள் இரு வடிவங்களில் கிடைக்கின்றன. மூலநிரல் வடிவம் பயனரின் கணினியிலேயே கட்டப்படல் வேண்டும். சி மொழியில் எழுதப்பட்ட பகுதிகள் இருப்பின் சி தொகுப்பானும் தேவைப்படும். வீல் எனப்படும் வடிவம் முன்னரே தொகுக்கப்பட்டது. விரித்து வைத்தாலே போதுமானது. வீல் கோப்பின் பெயரிலேயே அது எந்தப் பைத்தான் பதிப்புக்கும் எந்த இயங்குதளத்துக்கும் உரியது என்பது குறிக்கப்பட்டிருக்கும்.

மெய்நிகர் சூழலின் அமைப்பு

மெய்நிகர் சூழல் என்னும் பெயர் மெய்நிகர் கணினியை நினைவூட்டினாலும் அது அத்துணைப் பெரிய ஏற்பாடு அன்று. அது ஓர் அடைவு மட்டுமே. அதனுள் மூன்று உறுப்புகள் முதன்மையானவை.

ஒன்று, கணினியில் ஏற்கனவே உள்ள பைத்தான் எங்கே இருக்கின்றது என்பதைக் குறித்து வைக்கும் சிறு உரைக்கோப்பு. இரண்டு, அப்பைத்தானுக்கான இணைப்பு அல்லது சிறு இயக்கக் கோப்பு, செயற்படுத்தும் குறுநிரல்கள் ஆகியவற்றைக் கொண்ட உள்ளடைவு. மூன்று, பொதிகள் நிறுவப்படும் உள்ளடைவு. வரிமொழிமாற்றி தொடங்கும்போது அந்த உரைக்கோப்பைக் கண்டால், பொதுவான பொதி அடைவை விடுத்துச் சூழலின் பொதி அடைவிலேயே தேடுகின்றது. மொழியுடன் வரும் செந்தர நிரலகங்கள் படியெடுக்கப்படுவதில்லை. மூல நிறுவலிலிருந்தே எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

சூழலைச் செயற்படுத்துதல் என்பது கட்டளைகளைத் தேடும் பாதையில் சூழலின் அடைவை முன்னே வைப்பதாகும். முனையத்தை மூடினால் அம்மாற்றம் மறைந்துவிடும். ஆனால் சூழலும் அதிலுள்ள பொதிகளும் அவ்வாறே இருக்கும். சூழல் தேவையற்றதாயின் அடைவை நீக்கினால் போதும். இயங்குதளத்தில் எச்சம் ஏதும் இராது.

அமைக்கும் முறை

செயல்திட்டத்துக்குரிய அடைவில் முனையத்தைத் திறந்து பின்வரும் படிகளைச் செய்தல் வேண்டும். இங்கு சூழலின் பெயர் வரைசூழல் எனக் கொள்ளப்பட்டுள்ளது.

1. சூழலை உருவாக்குதல்: பைத்தான் -எம் வென்வ் வரைசூழல். லினக்சில் இப்படியில் மட்டும் பைத்தான் என்பதற்கு மாறாகப் பைத்தான்3 என இடுதல் வேண்டும். டெபியன், உபுண்டு ஆகியவற்றில் வென்வ் தனிப் பொதியாக வழங்கப்படுவதால் அதனை முன்னரே நிறுவியிருத்தல் வேண்டும்.

2. செயற்படுத்துதல்: விண்டோசில் வரைசூழல்\ஸ்கிரிப்ட்ஸ்\ஆக்டிவேட், லினக்சில் சோர்ஸ் வரைசூழல்/பின்/ஆக்டிவேட். செயற்பட்டதன் அடையாளமாகச் சூழலின் பெயர் கட்டளை வரியின் தொடக்கத்தில் அடைப்புக்குறிக்குள் தோன்றும்.

3. பொதியை நிறுவுதல்: பைத்தான் -எம் பிப் இன்ஸ்டால் மேட்பிளாட்லிப்.

4. பதிவு செய்தல்: பைத்தான் -எம் பிப் ஃப்ரீஸ் > ரிக்கொயர்மென்ட்ஸ்.டிஎக்ஸ்டி. நிறுவப்பட்ட பொதிகள் அனைத்தின் பெயரும் துல்லியமான பதிப்பு எண்ணும் இக்கோப்பில் எழுதப்படும்.

5. வெளியேறுதல்: டீஆக்டிவேட்.

மூன்றாம் படியில் பிப் என மட்டும் இடுவதைக் காட்டிலும் பைத்தான் -எம் பிப் என இடுதல் நன்று. கணினியில் ஒன்றுக்கு மேற்பட்ட பைத்தான்கள் இருப்பின், எந்தப் பைத்தானுக்கு நிறுவப்படுகின்றது என்பதில் ஐயம் எழாது.

நான்காம் படியே பலராலும் விடப்படுவது. இக்கோப்பு சில வரிகளே கொண்ட எளிய உரைக்கோப்பு. செயல்திட்டத்தைப் பிறருக்கு அளிக்கும்போது நிரலையும் இக்கோப்பையும் அளித்தால் போதும். சூழலின் அடைவை அளிக்கலாகாது. அதிலுள்ள குறுநிரல்களில் முழுப் பாதைகள் எழுதப்பட்டிருப்பதால், வேறிடத்துக்கு நகர்த்தினால் அது சரிவர இயங்காது. பெறுபவர் தம் கணினியில் புதிய சூழலை உருவாக்கி, அதனுள் பைத்தான் -எம் பிப் இன்ஸ்டால் -ஆர் ரிக்கொயர்மென்ட்ஸ்.டிஎக்ஸ்டி எனக் கட்டளையிடுவார். அவருடைய பைத்தான் பதிப்பு பொருந்துமாயின் அதே பதிப்புகள் அங்கும் அமையும். சூழல் அழியத்தக்கது, பட்டியல் பேணத்தக்கது.

எடுத்துக்காட்டு: தமிழ் எழுத்துகளை எண்ணுதல்

தமிழ் உரையைக் கையாள்வதற்கான கட்டற்ற பைத்தான் நிரலகங்களுள் ஒன்று ஓப்பன்-தமிழ் ஆகும். எழில் என்னும் தமிழ் நிரலாக்க மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலையும் பிற தன்னார்வலர்களும் இதனை எழுதியுள்ளனர். பைத்தான் பொதி அட்டவணையில் இது கிடைக்கின்றது. நிறுவும்போது ஓப்பன்-தமிழ் எனவும், நிரலினுள் அழைக்கும்போது தமிழ் எனவும் பெயரிடுதல் வேண்டும். பொதியின் பெயரும் நிரலகத்தின் பெயரும் ஒன்றாகவே இருக்கும் என்பதில்லை.

மயிலாடும்பாறை என்னும் ஊர்ப்பெயரில் ம, யி, லா, டு, ம், பா, றை என ஏழு எழுத்துகள் உள்ளன. பைத்தான் 3-இன் நீளம் காணும் செயற்கூறு 13 என விடை தரும். ஒருங்குறியில் உயிர்மெய்யின் துணைக்குறியும் புள்ளியும் தனிக் குறிகளாக எண்ணப்படுவதே காரணம். பைத்தான் 2-இல் யுடிஎஃப்-8 குறியேற்றத்தில் உள்ள சாதாரண எழுத்துச்சரமாயின் 39 என விடை வரும். ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட்டுகள். ஓப்பன்-தமிழின் எழுத்துப் பிரிக்கும் செயற்கூற்றைக் கொண்டு எண்ணினால் 7 என்னும் சரியான விடை கிடைக்கும்.

ஒரே சொல்லுக்கு மூன்று விடைகள். அகரமுதலி, சொற்பிழைதிருத்தி, யாப்புக் கருவி போன்றவற்றை எழுதுபவருக்கு இவ்வேறுபாடு சிறியதன்று. எந்த வரிமொழிமாற்றியுடன் எந்த நிரலகம் பயன்படுத்தப்பட்டது என்பது பதிவாகாத நிலையில், ஒருவர் பெற்ற விடையை மற்றொருவர் சரிபார்த்தல் அரிது.

இணைய இணைப்புக் குறைந்த இடங்களில்

பிப் இணைய இணைப்பை எதிர்பார்த்து வடிவமைக்கப்பட்டதாயினும் இணைப்பு இன்றியும் பயன்படும். மலையடிவார ஊர்களிலும், இணைப்புத் தரப்படாத ஆய்வகங்களிலும் இம்முறை உதவும். மேட்பிளாட்லிப்பும் அதன் சார்புநிலைகளும் சேர்ந்து சில பத்து மெகாபைட்டு அளவினவே. முப்பது கணினிகளில் தனித்தனியே பதிவிறக்குவதைக் காட்டிலும் ஒருமுறை பதிவிறக்கி யாவற்றிலும் நிறுவுவது எளிது.

இணைப்புள்ள கணினி ஒன்றில் பைத்தான் -எம் பிப் டவுன்லோட் -டி பொதிகள் -ஆர் ரிக்கொயர்மென்ட்ஸ்.டிஎக்ஸ்டி எனக் கட்டளையிட்டால், பட்டியலிலுள்ள பொதிகள் நிறுவப்படாமல் பொதிகள் என்னும் அடைவில் சேமிக்கப்படும். அவ்வடைவையும் பட்டியலையும் பென் டிரைவில் எடுத்துச் சென்று, ஆய்வகக் கணினியில் சூழலை உருவாக்கிச் செயற்படுத்திய பின்னர், பைத்தான் -எம் பிப் இன்ஸ்டால் --நோ-இண்டெக்ஸ் --ஃபைண்ட்-லிங்க்ஸ் பொதிகள் -ஆர் ரிக்கொயர்மென்ட்ஸ்.டிஎக்ஸ்டி என இடுதல் வேண்டும். இணையக் களஞ்சியத்தை நாடாமல் அடைவிலிருந்தே நிறுவுமாறு இத்தெரிவுகள் கூறுகின்றன.

பதிவிறக்கும் கணினியும் நிறுவும் கணினியும் ஒரே வகை இயங்குதளத்தையும் ஒரே பைத்தான் வரிசையையும் கொண்டிருத்தல் நலம். லினக்சுக்கெனப் பதிவிறக்கிய நம்பை வீல் விண்டோசில் நிறுவப்படாது. புறப்படுமுன் ஆய்வகக் கணினியின் பைத்தான் பதிப்பைக் கேட்டு அறிந்துகொண்டால் வீண் பயணத்தைத் தவிர்க்கலாம்.

பாதுகாப்பு

பைத்தான் பொதி அட்டவணையில் எவரும் பொதி வெளியிடலாம். வெளியிடப்படும் ஒவ்வொன்றும் முன்கூட்டியே மனிதரால் ஆய்ந்து ஒப்புதல் அளிக்கப்படுவதில்லை. புகழ்பெற்ற பொதிகளின் பெயரை ஓரிரு எழுத்து மாற்றித் தீங்கிழைக்கும் பொதிகளை வெளியிடுவது அறியப்பட்ட ஏமாற்று முறை ஆகும். 2017 செப்டம்பரில் சுலோவாக்கிய நாட்டின் தேசியப் பாதுகாப்பு ஆணையம் இத்தகைய பத்துப் பொதிகளைக் கண்டறிந்து அறிவித்தது. 2024 மார்ச்சில் இத்தகைய பொதிகள் பெருமளவில் பதிவேற்றப்பட்டதால், புதிய பயனர் பதிவு தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. அவ்வாண்டின் தொடக்கம் முதல் பொதி வெளியிடுவோருக்கு இருபடி உறுதிப்பாடு கட்டாயமாக்கப்பட்டுள்ளது.

மெய்நிகர் சூழல் இவ்வகைத் தீங்குக்குக் காப்பு அன்று என்பதை அறிந்திருத்தல் இன்றியமையாதது. அது பொதிகளைப் பிரிக்கின்றதேயன்றி உரிமைகளைப் பிரிப்பதில்லை. சூழலினுள் இயங்கும் நிரல் பயனரின் கோப்புகள் அனைத்தையும் படிக்கவும் அழிக்கவும் வல்லது. மூலநிரல் வடிவப் பொதியாயின் நிறுவும்போதே அதிலுள்ள நிரல் இயங்கக் கூடும். எனவே பெயரை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தலும், நிர்வாகி உரிமையுடன் பிப்பை இயக்காதிருத்தலும் பயனரின் கடமைகள் ஆகும்.

பிற கருவிகள்

அறிவியல் கணக்கீட்டுத் துறையில் 2012ஆம் ஆண்டில் வெளியான காண்டா பரவலாகப் பயன்படுகின்றது. இது பைத்தானையும் பிற மொழிகளில் எழுதப்பட்ட நிரலகங்களையும் சேர்த்தே நிறுவும். பொயட்ரி என்னும் கருவி சார்புநிலைகளையும் சூழலையும் ஒன்றாகக் கையாள்கின்றது. 2024ஆம் ஆண்டில் வெளியான யுவி, ரஸ்ட் மொழியில் எழுதப்பட்டு விரைவுக்குப் பெயர் பெற்றது. பதிப்புகளைப் பூட்டிப் பதிவு செய்யும் கோப்புக்கான பொது வடிவம் ஒன்றும் 2025ஆம் ஆண்டில் ஏற்கப்பட்டது.

பிற மொழிகளிலும் இத்தகைய கருவிகள் உள்ளன. யாவாக்கிறிப்டுக்கு என்பிஎம், ரூபிக்கு ரூபிசெம்சு, ரஸ்டுக்குக் கார்கோ ஆகியன அவை. என்பிஎம் பொதிகளைச் செயல்திட்டத்தின் அடைவிலேயே வைப்பதால் அங்கு மெய்நிகர் சூழல் தனியே தேவைப்படுவதில்லை. கருவிகள் மாறினும் கடைப்பிடிக்க வேண்டிய நெறிகள் மாறுவதில்லை: செயல்திட்டம் ஒவ்வொன்றுக்கும் தனிச் சூழல் அமைத்தல், பதிப்புகளை எழுதி வைத்தல், இயங்குதளத்தின் பைத்தானைத் தொடாதிருத்தல்.